பின்சீட்டில் ஏறி உட்காருபவர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏழு வருடங்களுக்கு முன்பு ஒருமுறை எழுதினேன். எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில், எல்லா வீட்டுக்காரர்களும் படிக்கும்படி, கடை எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினேன். எழுதியது பொய். அதனால் இந்தத் தடவை பெயரில்லாமல் எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்களுக்கு ஆள் யாரென்று நான் சொல்லும் முதல் பழக்கத்திலேயே விளங்கிவிடும்.

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கார், ஷேர் ஆட்டோ, சின்ன லோடு வண்டி இவற்றுக்கு ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றுவதுதான் வேலை. வேறு எதையும் தொடமாட்டார். இஞ்சினில் சத்தம் வருகிறது என்று யாராவது சொன்னால், "அது முன்னாடி குந்தறவன் பிரச்சின. வேற கடைய பாரு" என்பார். மற்ற மெக்கானிக்குகளைப்போல் வண்டியின் மூலையை அமுக்கி ஆட்டிப் பார்ப்பதெல்லாம் அவரிடம் கிடையாது. பின்கதவைத் திறப்பார். செருப்பைக் கழற்றிக் கடை வாசலில் விட்டுவிட்டு ஏறி உட்காருவார். உள்ளங்கையை சீட்டின்மேல் பரப்பி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "போ" என்பார். வண்டிக்காரர் தினமும் எந்த வழியாகப் போகிறாரோ அந்த வழியாகவே ஓட்டவேண்டும். நல்ல ரோடாகப் பார்த்துத் திருப்பினால் கண்ணைத் திறக்காமலே கேட்பார்: "இப்பிடியா நீ டெய்லி போற?"

ஸ்டியரிங்கை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. லைசென்ஸ் இருந்ததா என்றுகூடத் தெரியாது. ஒருநாள் அதைக் கேட்டே விட்டேன்.

"ஓட்றவனுக்கு பள்ளம் வர்றது கண்ணுக்குத் தெரியும் சார். புட்சிக்க ஸ்டேரிங் கீது. பின்னாடி குந்தினு கீறவங்களுக்கு இன்னா கீது? இடிச்சப்பறம்தான் பள்ளம்னே தெரியும். நான் அங்க குந்தாம முன்னாடி குந்தி இன்னா பண்ணப்போறேன்?"

கனத்த ஆள். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். குறைகளும் உண்டு. வேலைக்கு நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் கேரம் ஆடப் போய்விடுவார். வண்டி பாதி ஜாக்கியில் தூக்கியபடி நிற்கும், வண்டிக்காரர் கத்திக்கொண்டிருப்பார். பக்கத்திலேயே டிபன் கடை நடத்திய அவர் மனைவி கரண்டியோடு வெளியே வந்து, "போர்டாண்ட போயி பாரு. சிவப்பு காய போட்டாத்தான் உன் வண்டி கீழ எறங்கும்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ராயபுரம் தேவாலயத்தில் பூசைக்குப் போகாமல் எந்த வேலையையும் தொடமாட்டார். யார் டிபன் பாக்ஸைத் திறந்தாலும் கேட்காமல் கைவிட்டு எடுத்துச் சாப்பிடுவார்.

நான் ஒருநாள் அங்கே காத்திருந்தபோது ஓர் இளைஞன் புதுக்காரோடு வந்தான். வண்டி தரையோடு ஒட்டிப் போகிற மாதிரி ஸ்ப்ரிங்கில் இரண்டு சுற்று வெட்டிவிட வேண்டும் என்றான்.

"வூட்ல யாரு கீறாங்க?"

"அம்மா."

"அம்மாவ இட்டா. பின்னாடி குந்த வச்சி டோல்கேட் வரைக்கும் போயி வருவோம். அவங்க வெட்டுன்னா வெட்றேன்."

"இன்னாண்ணா இது, ஸ்ப்ரிங் வெட்றதுக்கு கார்டியன் கையெழுத்தா?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் அந்தப் பையன் நிஜமாகவே அம்மாவோடு வந்தானாம். ஏற்கெனவே எவனோ ஸ்ப்ரிங்கை வெட்டிக் கெடுத்து, சரிசெய்ய நின்றிருந்த ஒரு வண்டியில் அந்த அம்மாளை ஏற்றி ஒரு சுற்று அழைத்துப் போயிருக்கிறார்கள். இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மகனிடம் சொன்னாளாம்: "நீ ஸ்டைலு காட்டு ராசா, நான் வோணாங்கல. எனிக்கு மட்டும் தனியா ஒரு ஆட்டோ பேசி வுட்டுடு."

ஷேர் ஆட்டோ ஒன்றுக்கு வேலை நடந்தபோது, காசிமேட்டிலிருந்து மீன் கூடைகளோடு திரும்பும் மூன்று பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"யோவ், எறங்கு நீ. நீ குந்தினா ஆட்டோ எப்பிடிப் போவும், தேரு மாரி இஸ்துகினு போவணும்" என்றாள் ஒருத்தி.

"சொம்மா இரு ஆயா. உன் முதுகுக்குத்தான் பாக்குறேன்."

"முப்பது வருசமா என் முதுக ஒருத்தனும் பாக்கல. இப்ப நீ பாக்க வந்துட்டியா?"

இடம் போதாததால் அவள் கூடையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டே திருவொற்றியூர்வரை போனார். அன்று முழுவதும் அவர் பக்கத்தில் நிற்க முடியவில்லை.

இனி என்னைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நான் ஒரு கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவன். ஸ்ப்ரிங்கில் தொங்கும் எடை எப்படி ஆடும், அந்த ஆட்டத்தை எப்படி அடக்கலாம் என்பதை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு எர்ணாவூரில் வீடு வாங்கி வந்தோம், நானும் என் மனைவியும். வந்த புதிதில் எண்ணூர் விரைவு சாலையில் ஒரு கன்டெய்னர் டிரெய்லர் எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனது. அது கிளப்பிய காற்றில் எங்கள் சிறிய கார் ஆடியது. பயந்துபோனேன். அந்த வாரமே ஒரு பெரிய கடையில், இருப்பதிலேயே கடினமான ஸ்ப்ரிங்கையும் ஷாக்கையும் கேட்டு வாங்கிப் போட்டேன். வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. திருப்பினால் துளிகூடச் சாயவில்லை. என் மனைவி எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவாள், முன்னால் உட்கார்ந்தால் லாரிகளைப் பார்த்துப் பயமாக இருக்கிறது என்று. "நல்லா இருக்கா?" என்று கேட்டேன். "பரவாயில்லை" என்றாள். ஐந்து வருடம் அப்படி ஓடியது.

பிறகு அவளுக்கு முதுகுத்தண்டில் கட்டி வந்தது. ராயபுரம் தாண்டி உள்ள மருத்துவமனையில் இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள். நடுவில் நாள் தவறக்கூடாது, தவறினால் செய்ததெல்லாம் வீணாகப் போகலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் நின்று நின்று பள்ளமாக்கிய ரோடு அது. நான்காம் நாள் வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள், "நாளையிலேருந்து வேண்டாங்க. வியாதியைத் தாங்கிடுவேன். இந்த ரோட்டைத் தாங்க முடியலை." வாடகைக் காரில் போய்ப் பார்க்கலாமா என்றேன். சிகிச்சையின் முதல் நாள் அதில்தான் போயிருந்தோம், அது இன்னும் மோசம். ஆம்புலன்ஸ் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டாள். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் மொத்தக் கட்டடமும் பால்கனியில் நிற்கும்.

அன்று வியாழக்கிழமை. கீழ்வீட்டுக்காரர் ஒருவர் சாத்தாங்காட்டுக் கடையைப் பற்றிச் சொன்னார். அவளையும் பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவில் படுத்தவாக்கில் உட்காரவைத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே போனேன்.

அவர் பின்கதவைத் திறந்தார். அவளைப் பார்த்ததும் ஏறவில்லை. குனிந்து நின்று கேட்டார்: "எப்பிடி கீதும்மா பின்னாடி?"

நான் சொன்னேன், "பெரிய சிரமம் எதுவும் இல்லை. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும்தான்..."

"நீ இரு சார். நீ எப்பனா பின்னாடி குந்தினியா?"

நான் நகர்ந்து நின்றேன். அவள், "பரவாயில்லை" என்றாள்.

அவர் இன்னும் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பரவால்லன்னா, எந்தப் பக்கம் வலிக்குது?" என்றார்.

அந்த மாதத்தில் முதன்முறையாக அவள் சிரித்தாள். அப்புறம் பத்து நிமிடம் அவரிடம் பேசினாள். எனக்குத் தெரியாததையெல்லாம் சொன்னாள். மேலே இருக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து வருவதால் சாயங்காலம்வரை இடது கை நடுங்குகிறது என்றாள். பள்ளம் வரும்போது கத்திவிட்டால் நான் பதறி எங்காவது மோதிவிடுவேனோ என்று முந்தானையை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவன்.

இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. அவரிடமிருந்து ஒரு பேனாவை வாங்கி, மருத்துவமனைக் கவரின் பின்பக்கத்தில் சமன்பாட்டை எழுதி, கடினமான ஸ்ப்ரிங்தான் வண்டியைக் கட்டுக்குள் வைக்கும் என்று விளக்கினேன். கிண்டல் செய்யாமல் முழுவதையும் கேட்டார். கவரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அம்மா எங்க குந்தினு கீறாங்க?"

எடையைக் குறிக்கும் எழுத்தைக் காட்டினேன்.

"நீ?"

நானும் அதே எழுத்தில்தான் இருந்தேன். வண்டியும் அதில்தான் இருந்தது.

"மொத்தமா சேத்துட்ட சார்" என்று சொல்லிக் கவரைத் திருப்பிக் கொடுத்தார். நாங்கள் அன்றைய சிகிச்சைக்குப் போகவில்லை; அந்த ஒரு நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் போனில் அரைமனதாக ஒப்புக்கொண்டார். சனியும் ஞாயிறும் எப்படியும் விடுமுறை. திங்கட்கிழமைக்குள் வண்டியை முடித்துத் தரவேண்டும் என்று பேச்சு. அதற்குமேல் தள்ளினால் அவள் வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும், சொல்லாமலே அவருக்கும் தெரிந்திருந்தது. அவளை ஆட்டோவில் மெதுவாக வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பினேன்.

"அம்மா இன்னா வெயிட்டு?" என்றார்.

"நாற்பத்திரண்டு கிலோ."

"நான் குந்திப் பாத்தா கரீட்டா வராது. நான் ரெண்டு ஆளு." டிபன் கடைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ, இங்க வா. ஒரு ரவுண்டு போலாம்."

"இட்லி வெந்துகினு கீது. இன்னா, சினிமாக்குக் கூப்பிட்றியா?"

"மூட்டைக்கு ஆள் வோணும்."

"நான் உனிக்கு மூட்டையா?"

சொல்லிக்கொண்டே அவள் மாவுக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். ஒல்லியான பெண். பழைய இரும்புக் கடைத் தராசில் அவளை ஏற்றி நிறுத்தினார்கள். நாற்பத்து மூன்று. "எவ்ளோ துன்னாலும் ஏறாது சார் இவளுக்கு. கட்டிகினதுக்கு இன்னிக்குத்தான் பிரயோஜனம்" என்றார். அவள் தராசிலிருந்து இறங்கும்போதே அவர் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

முதலில் போட்டது மிகவும் மெத்தென்ற ஸ்ப்ரிங், அதற்கேற்ற மெத்தென்ற ஷாக். ஒரு சுற்றுப் போய்வந்தோம். எனக்கே வண்டி பஞ்சுபோல இருந்தது. இதுதான் என்று நினைத்தேன். அவர் மனைவி இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றாள்.

"போட்ல போன மாரி கீதுய்யா. பொரட்டுது."

அவர் எனக்கு விளக்கினார். "மெத்துன்னு இருந்தா மட்டும் பத்தாது சார். ஸ்ப்ரிங்கு வாங்கிக்கும். ஷாக்குதான் அத்த அடக்கணும். பள்ளத்துல எறங்கின வண்டி ஒரு தபா ஏறி நின்னுடணும். ரெண்டாந்தபா ஏறி ஆடுச்சுன்னா அம்மா முதுகு சேந்து ஆடும். இடிக்கவும் கூடாது, ஆடவும் கூடாது. நடுவுல எங்கியோ கீது. தேடணும்."

சனிக்கிழமை இன்னொரு ஜோடி. அது ஆடவில்லை, ஆனால் இடித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போனார். என் பழையதைவிட நன்றாகவே இளகிய ஸ்ப்ரிங், ஆனால் ஷாக் வெள்ளிக்கிழமை போட்டதைவிட ஒரு பிடி இறுக்கம். டயர் காற்றிலும் கொஞ்சம் இறக்கினார். விரைவு சாலையில், டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் அந்த மோசமான இடம்வரை போய்த் திரும்பினோம். கடை வாசலில் நிறுத்தியும் அவர் மனைவி இறங்கவில்லை.

"இன்னா, பொரட்டுதா?"

"இல்ல. இன்னும் ஒரு ரவுண்டு போலாமா?"

திங்கட்கிழமை காசிமேடு திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். என் மனைவி கைப்பிடியைப் பிடிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் படகுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த ஐந்து நாளும் அப்படியே போயின.

இங்கேதான் என் குற்றம் வருகிறது.

வண்டி இப்போது திருப்பங்களில் சற்றுச் சாய்ந்தது. பிரேக் போட்டால் மூக்கு லேசாகத் தாழ்ந்தது. நாற்பதுக்கு மேல் போகாதே என்று அவர் சொல்லியிருந்தார், அந்த வேகத்தில் எந்த ஆபத்தும் கிடையாது. ஆனால் என் கைக்குப் பழைய இறுக்கம் வேண்டியிருந்தது. டிரெய்லர் ஒன்று பக்கத்தில் வரும்போதெல்லாம் எனக்குள் பயம் ஏறியது. அந்தச் சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எர்ணாவூரில் தண்ணீர் நின்றது, ஒரு மேட்டில் வண்டியின் அடி உரசியது. எனக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான்: ஸ்ப்ரிங்கின் சுற்றுகளுக்கு நடுவில் கெட்டியான ரப்பர் வளையத்தைச் செருகினால் வண்டி இரண்டு விரல் உயர்ந்து நிற்கும். டோல்கேட் பக்கம் ஒரு கடையில் அரை மணி நேரத்தில் பின்பக்கம் இரண்டு ஸ்ப்ரிங்கிலும் செருகி வாங்கினேன். அவளிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. ரப்பர்தானே, மெத்தென்றுதானே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இயற்பியல் படித்தவன் சொல்லிக்கொண்ட சமாதானம் அது. செருகிய இடத்தில் ஸ்ப்ரிங் அமுங்கவே அமுங்காது என்பது என் மாணவர்களுக்குக்கூடத் தெரியும்.

வண்டி சாயவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் அவள் மறுபடி கைப்பிடியைப் பிடித்திருந்தாள். "வலிக்குதா?" என்றால், "பரவாயில்லை." ரப்பர் செருகிய ஒன்பதாம் நாள் மருத்துவமனை வாசலில் இறங்கும்போது கால் ஊன்ற முடியாமல் என்மேல் சாய்ந்தாள். "இன்னியோட போதுங்க" என்றாள். இன்னும் ஏழு நாள் பாக்கி இருந்தது.

அவளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. என்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும் தைரியம் வரவில்லை. போனை எடுத்துக் குழுவில் எழுதினேன்: இந்த ஆள் பழைய ஸ்ப்ரிங்குக்குப் பெயின்ட் அடித்துப் புதியது என்று போடுகிறார், நோயாளி என்றும் பார்க்காமல் ஏமாற்றினார், யாரும் போகவேண்டாம். எழுதி முடித்தபோது நான் அதை நம்பவும் ஆரம்பித்திருந்தேன்.

திரும்பும் வழியில் அவளோடு நேராகக் கடைக்குப் போனேன். நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத மனம் வரவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்கதவைத் திறந்து, அவளுக்கு இடிக்காமல் ஓரமாக ஏறி உட்கார்ந்தார். உள்ளங்கையை சீட்டில் வைத்தார். "போ சார்" என்றார்.

கடையை ஒட்டியே இருந்த ஒரு பள்ளம்தான். கண்ணைத் திறந்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். பிறகு அவர் பக்கத்தில் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்சம் நீண்ட பார்வை.

"நிறுத்து சார்" என்றார். கடை வாசலில் நின்றிருந்தவர்களுக்கு எதிரிலேயே நிறுத்தினேன்.

"யம்மா, இது என் தப்பு. ஷாக்கு போல்ட்ட நான் சரியா முறுக்காம வுட்டுட்டேன். அதான் இடிக்குது. வண்டிலதான் கோளாறு. உங்க ஒடம்புல ஒண்ணியும் இல்ல. மெய்யாலுமே சொல்றேன், வண்டிலதான். அரை மணி நேரம் குடு, சரி பண்ணிட்றேன்."

அவர் மனைவி வந்து, "வாக்கா, இப்பிடி என்னைப் புட்சிக்கோ" என்று அவளை டிபன் கடைக்குள் அழைத்துப்போய், முதுகுக்குத் துணிமூட்டை கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் வண்டியைத் தூக்கிவிட்டு அடியில் போனார். நின்றிருந்தவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் ஏளனம் இருந்தது. போல்ட்டைக்கூட முறுக்கத் தெரியாதவன். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மானத்தைக் காப்பாற்றிவிட்டார் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

வெளியே வந்தவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.

"உன் பொருளு சார்."

இரண்டு ரப்பர் வளையங்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"உனிக்கு பயமா இருந்தா மெதுவா போ சார். இன்னும் மெதுவா போ. பின்னாடி ஆரன் அடிக்கிறவன் அடிச்சிகினு போறான். உன் பயத்துக்கு அம்மா முதுகு இன்னா பண்ணும்?"

மறுநாள் காலை மருத்துவமனைக்கு மறுபடி கிளம்பினோம். மீதி ஏழு நாளும் முப்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். இருபத்தைந்தும் முடிந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்த டாக்டர், கட்டி சுருங்கிவிட்டது என்றார். அவள் இப்போது அடுத்த அறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.

குழுவில் எழுதியதை நான் திருத்தவில்லை. அவளும் அந்தக் குழுவில் இருந்தாள்; சிகிச்சை நாட்களில் போனைத் தொடாததால் நான் முதலில் எழுதியது மட்டும் அவள் கண்ணில் படவில்லை. திருத்தவேண்டுமென்றால் ரப்பரைப் பற்றிச் சொல்லவேண்டும், அவள் படிப்பாள். எங்கள் கட்டடத்திலிருந்து போய்க்கொண்டிருந்த நான்கு வண்டிகள் நின்றுபோயின. அது அவருக்கும் தெரியும். ஒருமுறை போனபோது நானே தயங்கித் தயங்கி அந்தப் பேச்சை எடுத்தேன். "வுடு சார். பள்ளம் இருக்கற வரைக்கும் எனக்கு ஆள் வரும்" என்றார். அடுத்து கேட்டது, "அம்மா ராத்திரி தூங்குறாங்களா?" நான் போகும்போதெல்லாம் அதைத்தான் கேட்பார். என்னைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு அந்த இடத்தில் யாரோ கிடங்கு கட்டினார்கள். கொட்டகையும் இல்லை, டிபன் கடையும் இல்லை. மீஞ்சூர்ப் பக்கம் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். இல்லை, புழல் பக்கம் என்றார் இன்னொருவர். பழைய போன் எண்ணில் வேறு யாரோ எடுக்கிறார்கள். இந்த வருடம்தான் குழுவில் உண்மையை எழுதினேன். பாதிக் குடும்பங்கள் மாறிவிட்டன. ஒருவர் கைகூப்பிய படம் போட்டார். இன்னொருவர், அவர் வீல் அலைன்மென்டும் செய்வாரா என்று கேட்டார்.

அதை எழுதுவதற்கு முதல்நாள் என் மனைவியிடம் சொன்னேன். சொல்லவைத்தது ஒரு சின்ன விஷயம். மாடிவீட்டுப் பெண் காருக்கு நல்ல மெக்கானிக் யாராவது உண்டா என்று கேட்டாள். என் மனைவி அவளிடம், "ஒருத்தர் இருந்தார், இப்ப எங்கன்னு தெரியலை. ரொம்ப நல்ல மனுஷன். ஒரே ஒரு தடவை போல்ட்டை முறுக்காம விட்டுட்டார், அவ்வளவுதான்" என்றாள். ஏழு வருடமாக அவள் மனதில் அந்தத் தவறு அவர் பேரில் கிடக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரப்பர், குழு, பொட்டலம், எல்லாம்.

அவள் கோபப்படவில்லை. "எத்தனை நாள்?" என்று கேட்டாள்.

"ஒன்பது."

விரல்விட்டு ஏதோ எண்ணினாள்.

"அந்த வாரந்தான் உங்களுக்கு ரசம் வைக்கக் கத்துக்கொடுத்தேன்" என்றாள்.

எனக்கு நன்றாக நினைவிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்று, புளி எவ்வளவு, எப்போது இறக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். உடம்பு தேறிவருவதற்கு அடையாளம் என்று நான் சந்தோஷப்பட்டேன். வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

"அஞ்சு நாள் வலி இல்லாம இருந்து திரும்ப வந்துதா, கட்டி பரவிடுச்சுன்னு நெனச்சேன். டாக்டர் உங்ககிட்ட சொல்லியிருப்பார், நீங்க எங்கிட்ட மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். நீங்க கண்ணாடியில பாத்துப் பாத்து வலிக்குதான்னு கேட்டது அதனாலன்னு நெனச்சேன். என் தங்கச்சியைக் கூப்பிட்டு புடவையெல்லாம் குடுத்தேன். உங்களுக்கு ரசமாவது வைக்கத் தெரியணுமேன்னு..."

நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுபத்திரண்டு வயதில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

அவள் தொடர்ந்தாள். "அன்னிக்கு அவர் ஏறி உட்கார்ந்து என்னைப் பாத்தாரே, அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் எதுக்குத் தயாராகி உட்கார்ந்திருக்கேன்னு. வண்டிலதான் கோளாறு, உடம்புல இல்லைன்னு திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்டப்பறம்தான் மறுநாள் வரேன்னேன்."

"என்னைக் காட்டிக்கொடுக்காம இருக்கத்தான் அப்படிச் சொன்னார்னு இத்தனை வருஷமா..." என்றேன்.

"உங்களையா?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "அந்த நேரத்துல அவர் உங்களை நெனக்கவே இல்லைங்க. ரப்பர்னு சொல்லியிருந்தா எனக்கு உங்க மேல கோபம் வந்திருக்கும், இல்லாட்டி என்னைச் சமாதானப்படுத்தச் சொல்ற பொய்னு தோணியிருக்கும். தன் தப்புன்னு ஒரு மனுஷன் நாலு பேர் முன்னாடி சொன்னா யாரும் நம்பிடுவாங்க."

ஏழு வருடம் அவருக்கு நான் நன்றியோடுதான் இருந்தேன், என் மானத்தைக் காத்தார் என்று. இப்போதுள்ள நன்றி அதைவிடப் பெரியது. அதில் எனக்கு இடம் இல்லை.